ஊன்றிய கால்

மூன்று மாதங்களுக்கு முன்பு, நிறுத்தத்தை விட்டு நகர்ந்துவிட்ட ஒரு பேருந்தைப் பிடிப்பதற்காக நான்கு எட்டு ஓடினேன். நான்காவது எட்டில், யாரோ பின்னாலிருந்து கல்லால் அடித்ததுபோல் வலது கெண்டைக்காலில் சுளீரென்றது. உண்மையாகவே திரும்பிப் பார்த்தேன். ஒரு பூக்கடையும் அதன் நிழலில் உறங்கிக்கொண்டிருந்த நாயும் தவிரப் பின்னால் எவரும் இல்லை. எலும்பு மருத்துவரிடம் அந்தக் கல்லைப் பற்றிச் சொன்னபோது அவர் சிரித்தார். கெண்டைக்கால் தசை கிழிந்து வருகிறவர்கள் பலரும் முதலில் கல்லெறிந்தவனைத்தான் தேடுவார்களாம். மூன்று வாரம் காலை உயர்த்தி வைத்துப் படுத்திருக்கச் சொன்னார். அப்படிப் படுத்திருந்த நாட்களில் பார்க்க வந்த என் அக்கா மகன், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறவன், கட்டுப்போட்ட காலைப் பார்த்துவிட்டு, "மாமா, சின்ன வயசுல எங்களுக்கு ஒரு கதை சொல்வீங்களே, கால்ல அடிபட்டும் ஜெயிச்ச ஜப்பான்காரர் கதை, அவருக்கும் இதே இடம்தானே?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். சற்று யோசித்துவிட்டு, "எகிப்துக்காரர் அந்தக் காலைத் தொடாம விட்டுட்டார்னு சொல்வீங்க. அப்போ அந்தத் தங்கம் ஓசிதானே மாமா?" என்றான். காபியைக் குடித்துவிட்டு அவன் போய்விட்டான். அந்த 'ஓசி' மட்டும் போகவில்லை.

கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில், எடைக் கட்டுப்பாடு இல்லாத திறந்த பிரிவு ஜூடோவின் இறுதிப் போட்டிக்கு ஜப்பானின் யசுஹிரோ யமாஷிதா வலது கெண்டைக்கால் தசை கிழிந்து நொண்டியபடி வந்தார் என்பதும், எதிரே நின்ற எகிப்தின் முகமது ராஷ்வான் அடிபட்ட காலைக் குறிவைப்பதில்லை என்று முடிவு செய்து ஆடி வெள்ளியோடு திரும்பினார் என்பதும், அதற்காக நேர்மை விளையாட்டுக்கான பன்னாட்டு விருது அவருக்குக் கிடைத்தது என்பதும் கதையின் சாரம். பள்ளிகளின் காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு அளவெடுத்துத் தைத்த கதை. இப்போது வாட்ஸ்அப்பில் பூங்கொத்துப் படங்களுக்கு நடுவே வந்துபோகிறது. இருபது ஆண்டுகளாக நானும் அதைச் சொல்லிவந்திருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் ராஷ்வானின் முகத்தை மட்டுமே பார்த்திருக்கிறேன் என்பதும், யமாஷிதாவைக் கருணைக்கு ஆளான ஒரு பருத்த உருவமாக ஓரத்தில் நிற்க வைத்திருக்கிறேன் என்பதும் பையன் கேட்ட பிறகுதான் உறைத்தது.

203

அந்தப் பருத்த உருவம் யார் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். 1957-இல் கியூஷு தீவின் குமமோட்டோ மாவட்டத்தில் பிறந்தவர். வயதுக்கு மீறிய உடலும் அதற்கேற்ற முரட்டுத்தனமும் கொண்ட பிள்ளையாக இருந்ததால், அந்த முரட்டுத்தனத்துக்கு ஒரு வடிகாலாகத்தான் ஜூடோவில் சேர்க்கப்பட்டார். பிறகு தோக்காய் பல்கலைக்கழகம். அங்கே நொபுயுகி சாத்தோ, 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் கனத்த எடைப் பிரிவில் தங்கம் வென்ற இசாவோ இனோகுமா ஆகியோரின் பயிற்சி. 1977-இல் 19 வயதில் அனைத்து ஜப்பான் சாம்பியன் ஆனார். அது எடைப் பிரிவுகளே இல்லாத போட்டி. ஜப்பானில் உலகப் பட்டத்தைவிட மேலாக அதை மதிப்பவர்கள் உண்டு. 1985 வரை தொடர்ந்து ஒன்பது முறை அதை வென்றார். 1979 பாரிஸ், 1981 மாஸ்ட்ரிக்ட், 1983 மாஸ்கோ என மூன்று உலகப் போட்டிகளில் நான்கு பட்டங்கள். 1977 அக்டோபரிலிருந்து ஓய்வு பெறும்வரை 203 வெற்றிகள், ஏழு சமன்கள், ஒரு தோல்விகூட இல்லை.

180 செ.மீ. உயரமும் 130 கிலோவை ஒட்டிய எடையும் கொண்ட மனிதர் என்றதும் நமக்கு ஒரு பாறாங்கல் நினைவுக்கு வரும். பழைய ஒளிப்பதிவுகளைப் பார்த்தால் அந்த எண்ணம் கலைந்துவிடும். நின்றபடி எதிராளியைச் சரிப்பதற்கும், சரிந்தவர்மேல் படர்ந்து தரையோடு அழுத்துவதற்கும் இடையே சாதாரண வீரர்களிடம் ஓர் இடைவெளி இருக்கும். சரித்தவர் ஒரு மூச்சு விடுவார், விழுந்தவர் அந்த மூச்சுக்குள் குப்புறப் புரண்டு தப்பித்துக்கொள்வார். யமாஷிதாவிடம் அந்த இடைவெளி கிடையாது. எதிராளி முழுதாக விழுந்து முடிப்பதற்குள் இவர் மார்பு அவர் மார்பின்மேல் இருக்கும். நடுவர் புள்ளி சொல்வதா, அழுத்துபிடியை எண்ணத் தொடங்குவதா என்று குழம்பும் அளவுக்கு இரண்டும் ஒரே அசைவாக நிகழும். இந்த ஒரு பழக்கம்தான் பின்னால் அவரைக் காப்பாற்றியது.

ஏழு சமன்களில் ஒன்றைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கை ஜப்பான் புறக்கணிக்கும் என்று தெரிந்தபோது, வீரர்களின் கூட்டத்தில் எழுந்து தங்களை அனுப்புமாறு கண்ணீரோடு கேட்டவர்களில் 22 வயது யமாஷிதாவும் ஒருவர். கேட்டது நடக்கவில்லை. மே மாதத்தில் புறக்கணிப்பு உறுதியானது. அதே மே மாதத்தில், எடைப் பிரிவுகளுக்கான தேசியப் போட்டியில் சுமியோ எண்டோவுடன் மோதினார். இரண்டு கால்களையும் கத்தரிபோல் விரித்து எதிராளியின் கால்களுக்குக் குறுக்கே வீசி வீழ்த்தும் 'கனி-பசாமி' என்ற உத்தியை எண்டோ போட்டார். நண்டுக் கொடுக்கு என்று பொருள். யமாஷிதாவின் கணைக்கால் எலும்பு முறிந்தது. அந்த உத்தி அன்றைக்கு விதிகளுக்கு உட்பட்டது; பின்னாளில் போட்டிகளில் தடை செய்யப்பட்டது. தொடர முடியாத அந்த ஆட்டத்தை ஜப்பானியப் பதிவேடு 'இதாமி-வாகே' என்று குறித்துக்கொண்டது. வலியைப் பங்கிட்டுக்கொள்ளுதல் என்பது அதன் நேர்ப்பொருள். எலும்பு முறிந்தது ஒருவருக்குத்தான் என்றாலும், ஏட்டில் இருவருக்கும் ஆளுக்குப் பாதி. முதன்முதலில் இந்தச் சொல்லைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. படுக்கையில் கிடந்து படித்தபோது அப்படிச் சிரிப்பு வரவில்லை.

ஆக, உலகமே ஒப்புக்கொண்ட வீரர், 27 வயதில்தான் தன் முதல் ஒலிம்பிக் விரிப்பில் கால் வைக்கிறார். அடுத்த ஒலிம்பிக்கின்போது 31 வயதாகியிருக்கும். சோவியத் அணியும் அதன் நட்பு நாடுகளில் பெரும்பாலானவையும் இந்த முறை வரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எந்தக் காலைத் தூக்குவது

என் கால் எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரு சின்ன விஷயத்திலிருந்துதான் இந்தக் கட்டுரையே தொடங்கியது. தசை கிழிந்தால் அந்தக் காலை அசைக்கும்போதுதான் வலிக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. கிழிந்த காலைத் தூக்கினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. காற்றில் தொங்கும் கால் யாருக்கும் பாரமில்லை. நல்ல காலைத் தூக்கும்போதுதான் உயிர் போகும். குளியலறையில் கால்சட்டை மாட்டுவதற்காக இடக்காலைத் தூக்கிய முதல் நாள், சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் கண்ணை மூடி நின்றேன். வலக்கால் தரையில் சும்மா ஊன்றித்தான் இருந்தது. ஒரு வேலையும் செய்யாததுபோல் தோன்றும் அந்த ஊன்றல்தான் அதன் முழு வேலை என்று அன்றுதான் தெரிந்தது.

அன்று மாலை லாஸ் ஏஞ்சலிஸ் ஒளிப்பதிவை மறுபடி பார்த்தேன். யமாஷிதா இடக்கைப் பாணிக்காரர். அவருக்குப் பேர் வாங்கிக்கொடுத்த 'ஓசோட்டோ-காரி', எதிராளியின் காலைப் பின்புறமாக வாரிவிடும் வீச்சு, இடக்காலால் போடுவது. 'உச்சிமாட்டா', எதிராளியின் தொடைகளுக்கு நடுவே காலைச் செலுத்தி மேலே தூக்கி எறியும் வீச்சு, அதுவும் இடக்காலால். இரண்டுக்கும் ஊன்றுகால் வலக்கால். இருபது ஆண்டுகளாக இந்தக் கதையைச் சொன்ன நான், அடிபட்டது எதிராளி தாக்கக்கூடிய ஒரு பலவீனமான இடம் என்றுதான் எண்ணியிருந்தேன். ராஷ்வான் அந்தக் காலைத் தொட்டாலும் தொடாவிட்டாலும், யமாஷிதா தன் இடக்காலைத் தரையிலிருந்து எடுத்த கணத்தில் 130 கிலோவும், அதோடு தான் தூக்க முனையும் எதிராளியின் எடையும், கிழிந்த தசைமேல்தான் இறங்கும். அவரிடமிருந்த ஆயுதங்களில் பெரியவற்றை எதிராளி பிடுங்கத் தேவையே இல்லை. அவை ஏற்கெனவே பிடுங்கப்பட்டிருந்தன.

1984 ஆகஸ்ட் 11. இரண்டாம் ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனியின் ஆர்த்தர் ஷ்னாபலுக்கு எதிராக வீச்சுக்கு நுழைந்தபோதுதான் வலக் கெண்டைக்கால் கிழிந்தது. கிழிந்த காலோடு ஷ்னாபலைத் தரைக்குக் கொண்டுபோய், அவருடைய உடையின் கழுத்துப்பட்டியாலேயே கழுத்தை இறுக்கி வென்றார். விரிப்பிலிருந்து இறங்கி நடந்தபோது நொண்டல் அரங்கம் முழுவதற்கும் தெரிந்துவிட்டது. அரையிறுதியில் பிரான்சின் லோரான் தெல் கொலம்போ. ஆட்டம் தொடங்கி அரை நிமிடம் ஆவதற்குள் அவர் யமாஷிதாவின் காலை வாரி வீழ்த்திவிட்டார், அதுவும் யமாஷிதாவின் செல்ல உத்தியான அதே ஓசோட்டோ-காரியால். முதுகு பதியவில்லை என்பதால் அன்றைய விதிப்படி இருந்தவற்றிலேயே சிறிய புள்ளியான 'கோகா' மட்டும் போயிற்று. ஏழு ஆண்டுகளாகத் தோல்வியே அறியாத மனிதர் அடிபட்ட காலோடு பின்தங்கி நின்றார்.

அடுத்து நடந்ததைத்தான் நான் ஐந்தாறு முறை திருப்பித் திருப்பிப் பார்த்தேன். யமாஷிதா ஓசோட்டோ-காரிக்கே போனார். இடக்காலைத் தூக்கினார். கிழிந்த வலக்காலில் நின்றார். தெல் கொலம்போ விழுந்தார். விழுந்தவரை அப்படியே பக்கவாட்டில் அழுத்திப் பிடித்து, இரண்டு புள்ளிகளும் சேர ஆட்டத்தை முடித்தார். குளியலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், என்னைப் பொறுத்தவரை அவருடைய ஒலிம்பிக் அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. தங்கம் ஓசியா என்ற கேள்விக்கு இறுதிப் போட்டியில் விடை தேடுவதே வீண். இந்த அரையிறுதியை யாரும் கதையாகச் சொல்வதில்லை. தெல் கொலம்போவைக் குறை சொல்லவும் யாருக்கும் நியாயமில்லை. எதிரே நின்றவரை வீழ்த்த வந்தார், ஒருமுறை வீழ்த்தியும் காட்டினார்.

65 வினாடி

இறுதிப் போட்டி மொத்தம் 65 வினாடிகள். அந்தக் காலத்தில் அழுத்துபிடியில் முழு வெற்றி பெற 30 வினாடி பிடித்திருக்க வேண்டும். இப்போது 20 போதும். ஆகவே 65-இல் கிட்டத்தட்டப் பாதி, ராஷ்வான் மல்லாந்து கிடக்க யமாஷிதா மேலே படர்ந்திருந்த நேரம். இருவரும் நின்று மோதியது அரை நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டும். உலகம் நாற்பது ஆண்டுகளாகப் பேசிவரும் அறம் எல்லாம் அந்த அரை நிமிடத்துக்குள்தான் நடந்திருக்க வேண்டும்.

ராஷ்வான் வலக்காலைத் தொட்டாரா இல்லையா என்று ஒளிப்பதிவைக் கணம் கணமாக நிறுத்தி வாதிடுகிறவர்கள் இரு தரப்பிலும் இருக்கிறார்கள். அடிபட்ட காலை நாடி வெல்வது தன் கொள்கைக்கு ஒவ்வாது என்று ராஷ்வான் சொன்னதாகத்தான் கதை நிலைத்திருக்கிறது. எனக்கு அந்த வாதத்தில் இப்போது ஆர்வம் குறைந்துவிட்டது. ஜூடோவில் இருவரும் சட்டையைப் பிடித்து இழுத்துச் சுழலும்போது எந்தக் கால் எங்கே உரசியது என்பதை வைத்து ஒரு மனிதரின் உள்ளத்தை அளந்துவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்குக் கண்ணில் பட்டது வேறு. கிழிந்த கெண்டைக்காலுக்கு மிகப் பெரிய எதிரி உதை அல்ல, நேரம். நிற்க நிற்க அது இறுகிக்கொண்டே போகும். அதன்மேல் உடலைத் திருப்புவது கடினமாகிவிடும். யமாஷிதாவை வெல்ல அன்றைக்கு எளிய வழி, அவரை நெருங்காமல், சட்டைக் கையைப் பிடித்து வட்டமாக நடக்க வைத்து, அந்தக் காலிலேயே திரும்பத் திரும்பத் திரும்ப வைத்து, அது தானாகக் கைவிடும்வரை பொறுத்திருப்பது. ஒரேயடியாக ஒதுங்கினால் நடுவர் தண்டிப்பார்தான். தண்டனைக்கு இடம் கொடுக்காமல் இழுத்தடிக்கும் கலை எல்லா விளையாட்டிலும் உண்டு, ஜூடோவிலும் உண்டு. அப்படி ஆடியிருந்தால் அடிபட்ட காலை ஒருமுறைகூடத் தொடவில்லை என்று சத்தியம் செய்துகொண்டே தங்கத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம்.

ராஷ்வான் காத்திருக்கவில்லை. யமாஷிதாவைவிட உயரமான அந்த அலெக்சாண்ட்ரியாக்காரர் தொடக்கத்திலிருந்தே முழு உடலையும் போட்டு வீச்சுக்குப் பாய்ந்தார். வென்றிருந்தால் அவருடைய நாட்டுக்கு எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு தங்கம்; அந்த ஒலிம்பிக்கில் எகிப்துக்குக் கிடைத்த ஒரே பதக்கம் அவருடைய வெள்ளிதான். அந்தப் பாய்ச்சலில் இடறிய ஒரு கணம்தான் யமாஷிதாவுக்குக் கிடைத்தது. தூக்கி எறிவதற்குக் கால் இல்லாதவருக்குத் தூக்கி எறிய வேண்டிய தேவையே இல்லாமல் எதிராளி தரைக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு நடந்தது, ஆயிரக்கணக்கான மாலைகளில் தோக்காய் பயிற்சிக் கூடத்தில் பழகிய அதே இடைவெளியற்ற அசைவு. 'யோகோ-ஷிஹோ-கதாமே' என்ற பக்கவாட்டுக் கிடுக்கிப்பிடி. தரையில் படுத்தபின் கெண்டைக்கால் யாருக்கு வேண்டும்? மார்பும் தோளும் போதும். நடுவர் கையை நீட்டி எண்ணத் தொடங்க, ராஷ்வான் பாலம்போல் இடுப்பை எக்கிப் பார்த்தார், புரளப் பார்த்தார். மேலே கிடந்தவர் அதற்கேற்ப நழுவி நழுவிப் பிடியை மட்டும் விடவில்லை. முப்பது வினாடி முடிந்ததும் யமாஷிதா எழுந்து கைகளை உயர்த்தி அழுதார்.

ராஷ்வான் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்று சொல்லப்போவதாக நினைத்துவிடாதீர்கள். பெரிதாக ஒன்றை விட்டுக்கொடுத்தார்: காத்திருந்தால் வந்திருக்கக்கூடியதை. ஆனால் அவர் கொடுத்தது ஒரு சண்டை. அதை வாங்கிக்கொண்டு வெல்ல வேண்டிய வேலை யமாஷிதாவிடமே இருந்தது. பையனுக்கு இதைத் தொலைபேசியில் சொன்னபோது, "அப்போ ஓசி இல்லைங்கிறீங்க" என்றான். பாதி மனதோடு ஒப்புக்கொண்டதுபோல்தான் இருந்தது குரல்.

சிட்னி

யமாஷிதாவின் ஆட்டக் கணக்கு 1985 ஏப்ரல் 29 அன்று முடிந்தது. அனைத்து ஜப்பான் இறுதியில் ஹிதோஷி சைட்டோவை நடுவர் தீர்ப்பில் வென்றார். லாஸ் ஏஞ்சலிஸில் கனத்த எடைப் பிரிவுத் தங்கத்தையும் பிறகு சியோலில் இன்னொரு தங்கத்தையும் வென்ற சைட்டோ, அந்த இறுதியில் மூன்று ஆண்டு தொடர்ந்து இவரிடம் தோற்றவர். உலகத்தை வென்றும் யமாஷிதாவை வெல்ல முடியாததை, எவரெஸ்டில் ஏறியாயிற்று, ஃபுஜி மலையில்தான் இன்னும் ஏறவில்லை என்ற பொருளில் சைட்டோ சொன்னது ஜப்பானில் இன்றும் நினைவுகூரப்படுகிறது.

ஆனால் எனக்கு இந்தக் கதையின் அடுத்த காட்சி 2000 சிட்னி ஒலிம்பிக்தான். யமாஷிதா அப்போது ஜப்பான் ஆண்கள் அணியின் தலைமைப் பயிற்சியாளர். 100 கிலோவுக்கு மேற்பட்டோர் இறுதியில் ஷினிச்சி ஷினோஹாரா, பிரான்சின் டேவிட் டூயேவைச் சந்தித்தார். டூயே உச்சிமாட்டாவுக்கு நுழைய, ஷினோஹாரா காலை நழுவவிட்டு அவரையே சுழற்றி வீழ்த்தினார். ஓர் ஓர நடுவர் ஷினோஹாராவுக்கு முழுப் புள்ளி காட்டினார். புள்ளிப் பலகையில் ஏறியதோ டூயேவின் கணக்கில் ஒரு சிறிய புள்ளி. தங்கம் டூயேவுக்குப் போயிற்று. விரிப்பின் ஓரத்தில் நின்று யமாஷிதா வாதாடினார். நடுவர்கள் விரிப்பை விட்டு இறங்கிய பிறகு தீர்ப்பை மாற்ற விதியில் இடமில்லை. ஷினோஹாராவோ, தான் பலம் குறைந்தவனாக இருந்ததால் தோற்றதாகவும் தீர்ப்பைப் பற்றிக் குறையில்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

பெருந்தன்மையால் பயனடைந்தவர் என்று உலகம் சொல்லும் மனிதர், தன் மாணவனுக்காகக் கோபத்தோடு நியாயம் கேட்டு நின்ற அந்தப் படத்தை நான் வெகுநாள் குறையாக நினைத்திருந்தேன். 'ராஷ்வானிடம் கற்றது இவ்வளவுதானா' என்றுகூட ஒருமுறை எழுதியிருக்கிறேன். அதை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தனக்குரியதைப் பேசாமல் விழுங்கிக்கொள்ள ஷினோஹாராவுக்கு உரிமை உண்டு. மாணவனுக்குரியதை அப்படி விழுங்கப் பயிற்சியாளருக்கு உரிமை கிடையாது.

இப்போது நன்றாகவே நடக்கிறேன். படிகளில்தான் இன்னும் கவனம் வேண்டியிருக்கிறது. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில் என்று உடற்பயிற்சி மருத்துவர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அப்படி ஏறும்போதும், நல்ல காலை மேல்படியில் வைப்பதற்காகத் தூக்கும் ஒரு கணம், உடல் முழுவதும் கிழிந்த காலில்தான் நிற்கிறது. என் வீட்டு மாடிப்படியில் அதற்குக் கைப்பிடிச் சுவர் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸ் பதக்க மேடையில், வெண்கலத்துக்காக ஷ்னாபலும் ருமேனியாவின் மிஹாய் சியோக்கும் நின்றிருக்க, நடுவிலிருந்த உயரமான படியில் யமாஷிதா ஏற வேண்டியிருந்தது. பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை. ராஷ்வான் கையை நீட்டினார்; யமாஷிதா அதைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.